கறுப்பு வளையங்கள் – 14

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது டிராகன் தோட்டத்தில் முதல் மொட்டுகள் எட்டிப் பார்த்திருந்தன. நம் நாயகி அவற்றைப் பார்த்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பயப்பட வேண்டாம், எழுந்துவிட்டாள். முகம் கழுவிக்கொண்டாள். ராத்திரி நன்றாகத் தூங்கவும் செய்தாள்.

அழுததற்குக் காரணம் இருந்தது. அவள் கணவன் கப்பல் பட்டறையில் வெல்டர். கல்யாணமான நாளிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை வந்து போகும் விருந்தாளியாகவே இருந்தவன், இந்த டிராகன் பழத்தை நம்பித்தான் வீட்டோடு வந்து உட்கார்ந்திருக்கிறான். "முதல் காய்ப்பு நின்னா நானும் நின்னுடறேன். விழுந்துச்சுன்னா கிளம்பிடறேன்" என்று வந்த அன்றே சொல்லிவிட்டான். பட்டறை மேஸ்திரி அவனுக்காக ஓர் இடத்தைக் காலியாக வைத்திருந்தார். இன்று சாயங்காலம் போன் செய்து, வருகிறாயா இல்லையா என்று கேட்கப்போகிறார்.

ஆக, மொட்டு நின்றால் புருஷன் நிற்பான். அவளுக்கு இருந்த கணக்கு அவ்வளவுதான்.

விடிந்தும் விடியாததுமாகத் தோட்டத்துக்குப் போனாள். ஆள் உயரத்துக்கு சிமெண்ட் தூண்கள், வரிசை வரிசையாக. தூணைக் கட்டிப் பிடித்து ஏறிய முள்கொடிகள், உச்சியில் இருக்கும் இரும்பு வளையத்தைத் தாண்டி நாலாபக்கமும் குடைபோல் தொங்கின. தொங்கும் நுனிகளில்தான் மொட்டு.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வருஷக்கணக்காக இருந்தவள். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பாள். தட்டு, தலையணை, தக்காளி எதுவும் தப்பாது. "என்னையும் ஒரு தடவை திருப்பிப் பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டா" என்று வெல்டர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

அந்தப் பழக்கத்தில், முதல் தூணில் ஒரு கொடியை இரண்டு விரலால் மெல்லத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தாள்.

வளையத்தின்மேல் படிந்திருந்த இடத்தில் பழுப்பாக ஒரு பட்டை. இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே மறந்து வைத்தால் விழுமே, அந்த மாதிரி. விரலால் அழுத்தினாள். கொழகொழவென்று உள்ளே போயிற்று.

அடுத்த தூணுக்கு ஓடினாள். அங்கேயும் அதே இடத்தில் அதே பட்டை. அதற்கடுத்த தூணிலும் அப்படியே. கட்டைவிரல் பருமனில் இருந்த ஒரு மொட்டு மஞ்சளடித்துப் போயிருந்தது. தொட்டாள். தொட மாட்டாளா என்று காத்திருந்த மாதிரி உள்ளங்கையில் வந்து விழுந்தது.

மொட்டை மூடிப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"என்னங்க! சீக்கிரம் வாங்க!"

வெல்டர் வாயில் பல் விளக்கும் பிரஷோடு ஓடி வந்தான். பார்த்தான். பிரஷை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"தண்டழுகல். மருந்துக் கடையில சொன்னாங்கல்ல? இப்பவே மருந்து அடிச்சிடறேன்."

"நோய்னா இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு வரும். எல்லாத் தூண்லயும் ஒரே இடத்துல எப்படிங்க வரும்?"

"அதுக்கு என்னாங்கற இப்போ?"

"எங்க செக்கிங்ல ஒண்ணு சொல்லுவோம். ஒரு சட்டையில கறை இருந்தா துணி மேல தப்பு. எல்லாச் சட்டையிலயும் அதே இடத்துல கறை இருந்தா மெஷின் மேல தப்பு."

மெஷின் என்று அவள் எதைச் சொல்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை.

புதிதாக இந்த வாரம்தான் தொடரைப் பிரிக்கிறீர்கள் என்றால், அந்த வளையங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டிராகன் போடுகிறவர்கள் பெரும்பாலும் தூண் உச்சியில் பழைய மோட்டார் பைக் டயரைத்தான் மாட்டுவார்கள். நம் நாயகியின் அண்ணன் பைபாஸ் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். தூண் நட்ட சமயத்தில், யாரும் கேட்காமலே ஒரு வேன் நிறைய டயர் ஏற்றிக்கொண்டு வந்து நின்றான். வெல்டர் அதைப் பார்த்துவிட்டு, வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும், "என் தோட்டம் என்ன குப்பைமேடா மச்சான்?" என்று கேட்டுவிட்டான்.

அண்ணன் வேனைத் திருப்பிக்கொண்டு போனவன்தான். ஒன்றரை வருஷமாகத் தோட்டத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தங்கையோடு போனில் பேசுவான். சாப்பிட்டியா, தூங்கினியா, அதோடு சரி.

வெல்டர் வீம்புக்கு ஒவ்வொரு வளையத்தையும் தன் கையாலேயே வளைத்தான். பற்றவைத்த இடம் தெரியாமல் அரத்தால் ராவினான். இரண்டு பூச்சு கறுப்பு பெயிண்ட் அடித்தான். உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார்கள். கொடிகள் வளையத்தை எட்டியதே மழை நாளில்தான். அப்போதெல்லாம் ஒன்றும் தெரியவில்லை. வெயில் இந்த வாரம்தான் உறைக்கத் தொடங்கியிருந்தது.

"வெயில் ஏறட்டும். கை வச்சுப் பாத்துடலாம்" என்றான் வெல்டர்.

இருவரும் காத்திருந்தார்கள். வெயில் தோளைச் சுட ஆரம்பித்ததும் அவள் வளையத்தில் விரலை வைத்தாள். "ஸ்ஸ்..." என்று உதறிக்கொண்டு எடுத்தாள்.

வெல்டர் உள்ளங்கையை அப்படியே பதித்தான். எடுக்கவில்லை. "எங்க சுடுது? வெதுவெதுன்னு இருக்கு. இதுக்கா கொடி வேகும்?"

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். வருஷக்கணக்காக நெருப்புப் பொறி விழுந்து விழுந்து காய்த்துப்போன கை. கொதிக்கிற பாத்திரத்தைத் துணி இல்லாமல் இறக்கி வைக்கிற கை. அந்தக் கையால்தான் இத்தனை நாளும் வளையங்களைத் தடவித் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறான்.

"கன்னத்தை வைங்க."

"என்னது?"

"கன்னத்தை வச்சுப் பாருங்கன்னு சொல்றேன்."

குனிந்து கன்னத்தை வைத்தான். "அம்மாடி!" என்று ஒரு துள்ளு துள்ளிப் பின்னால் போனான். கன்னத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்துவிட்டது. வேறொரு நாளாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

வெல்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தூண் வரிசையைப் பார்த்தபடி நின்றான். "நானே என் கையால சுட்டுட்டேன்" என்றான்.

"வளையத்தை எடுத்துட முடியாதா?"

"எடுத்தா கொடி சரிஞ்சிடும். மொட்டு ஒண்ணு தங்காது."

"சாக்கைச் சுத்தினா?"

"சாக்கு தண்ணியைக் குடிச்சு வச்சுக்கும். புண்ணு மேல ஈரம் பட்டா அழுகிடும்." பிறகு அந்த வார்த்தையை அவனேதான் சொன்னான். "ரப்பர் இருக்கணும். டயரைத் துண்டு போட்டு, கொடிக்கு அடியில கவுத்து மாட்டினா நிக்கும்."

டயர் என்றால் யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"நான் போய்ட்டு வர்றேன்" என்றாள்.

"என்னைப் பாத்தா உங்கண்ணன் கதவைச் சாத்திடுவாரு."

"பஞ்சர் கடைக்கு ஏதுங்க கதவு?"

"அப்ப ஷட்டரை இழுத்து விட்டுடுவாரு. நீயே போ."

பைபாஸ் ரோட்டில் வண்டிகள் பறந்துகொண்டிருந்தன. ஸ்கூட்டரை நிறுத்தினாள். கடைச் சுவரில் யாரோ சிவப்பு பெயிண்டில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். கழற்றிய பெயர்ப் பலகை உள்ளே சுவரில் சாய்ந்து கிடந்தது. எல்லாம் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. மனம் முழுக்க மொட்டுதான் இருந்தது.

அண்ணன் தண்ணீர்த் தொட்டியில் ஒரு டியூபை அமுக்கிப் பிடித்து, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. காலடிச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டான்.

"என்ன பாப்பா, இந்த நேரத்துல? சாப்பிட்டியா?"

நாற்பதைத் தொடப்போகிறாள், அவனுக்கு இன்னும் பாப்பாதான். அவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். வளையம், பழுப்புப் பட்டை, கையில் விழுந்த மொட்டு, சாயங்காலம் வரப்போகும் போன். அண்ணன் குமிழியையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"நீ வந்தது மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியும்ண்ணே."

"அப்ப அவரே வரட்டும்."

"அவர் வந்து, நீ முறைச்சு, அவர் முழிச்சு, அதுக்குள்ள வெயில் உச்சிக்கு வந்துடும்ண்ணே."

"அத்தனை பேர் முன்னாடி குப்பைமேடான்னு கேட்டாரு. நான் குப்பைக்காரனா? உனக்குன்னு தேடித் தேடி எடுத்துட்டு வந்தவன்." டியூபை எடுத்து உதறினான். "டயரெல்லாம் இல்ல. அப்பவே எடைக்குப் போட்டாச்சு."

அவள் ஸ்கூட்டரை நோக்கித் திரும்பினாள்.

"நில்லும்மா" என்றாள் அண்ணி.

கடைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. ஈரத் துணி வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணி வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ, எவ்வளவு கேட்டாளோ தெரியாது. அண்ணி பேச ஆரம்பித்தால் லாரி ஹாரனே கொஞ்சம் ஒதுங்கித்தான் போகும்.

"எடைக்குப் போட்டாராமா? இங்க வந்து பாரு."

பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஒரு தார்ப்பாயைச் சரக்கென்று இழுத்தாள். உள்ளே மோட்டார் பைக் டயர்கள், ஒரே அளவாக, ஒன்றன்மேல் ஒன்றாக, கழுவித் துடைத்து, கூரை வரைக்கும்.

"நான் துணி காயப்போட இடமில்லாம ஒன்றரை வருஷமா அல்லாடறேன். எடைக்காரன் வந்தா இவரு கல்லை எடுக்காத குறையா விரட்டறாரு. மழை வந்தா நான் நனைஞ்சாலும் பரவாயில்ல, இது நனையக்கூடாது. கேட்டா, பாப்பா தோட்டத்துதாம். இன்னிக்கு அவளே வந்து நிக்கறா, வீம்பைப் பாரு!"

அண்ணன் பின்னாலேயே வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். திருடன் பிடிபட்ட மாதிரி முழித்தான்.

"உனக்குன்னு எடுத்தது பாப்பா. மாப்பிள்ளை வேணாம்னுட்டா உனக்கும் வேணாம்னு ஆயிடுமா? எடுத்து வேற யாருக்கோ போட மனசு வரல."

அவள் அழவில்லை. இந்த வாரத்துக்கு அழுது முடித்துவிட்டாள். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். கிரீஸ் வழவழத்தது.

"பிடிச்சது போதும்" என்றாள் அண்ணி. "ஏத்துங்க."

ஸ்கூட்டர் முன்னால், வேன் பின்னால். தோட்டத்து வளைவில் திரும்பியதும் அவள் பிரேக்கை அழுத்திவிட்டாள்.

தூண்களெல்லாம் துணி உடுத்தியிருந்தன. வீட்டில் இருந்த படுக்கை விரிப்பு, போர்வை, துண்டு, ஜன்னல் திரை, அவளுடைய சேலைகள் என்று ஒன்று பாக்கியில்லை. மொட்டு விட்ட தூண்களையெல்லாம் வெல்டர் நிழல் கட்டி மூடியிருந்தான். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையில் ஈரத் துண்டோடு, கன்னத்தில் சிவப்புக் கோட்டோடு நின்றான். கடைசித் தூணில், அவள் உடுத்த மனமில்லாமல் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்த நீலச் சேலை முள்ளில் மாட்டிக்கொண்டு படபடத்தது.

மற்ற நாளென்றால் அந்தச் சேலைக்காக வீடு இரண்டுபட்டிருக்கும். இன்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த மனுஷன் எங்கேயும் போகக்கூடாது என்று நினைத்தாள். வேறெதுவும் தோன்றவில்லை.

அண்ணன் வேனிலிருந்து இறங்கி, இடுப்பில் கைவைத்துப் பார்த்தான். "பாப்பா, தோட்டம் போட்டிருக்கீங்கன்னாங்க. சலவைக்கடைன்னு யாரும் சொல்லலையே?"

வெல்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான்.

"உங்கண்ணனுக்குக் குடிக்கத் தண்ணி குடு" என்றான் மனைவியிடம்.

"மாப்பிள்ளைகிட்ட சொல்லு, தண்ணி அப்புறம், முதல்ல டயரை இறக்கணும்னு" என்றான் அண்ணன். இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டடி தூரம்தான்.

"கிரைண்டர் இருக்குன்னு சொல்லு. ஒரு இழுப்புல வெட்டிடலாம்."

"ரப்பர்ல கிரைண்டரை வச்சா கருகிப் புகையும்னு சொல்லு. கத்தியில சோப்புத் தண்ணி தொட்டு அறுக்கணும்னு சொல்லு."

"விளிம்புல கம்பி ஓடுதே, அதைக் கத்தி அறுக்குமான்னு கேளு."

"அட ரெண்டு பேரும் வாயை மூடுங்க!" என்றாள் அண்ணி. "தம்பி, நீங்க கம்பியை வெட்டுங்க. நீங்க ரப்பரை அறுங்க. அவளை விடுங்க, அவ கொடியைத் தூக்கிப் பிடிக்கட்டும்."

அதன் பிறகு வேலை நடந்தது. வெல்டர் பெரிய கட்டரால் டயர் விளிம்புக் கம்பியை நறுக்கென்று துண்டித்தான். அண்ணன் சோப்புத் தண்ணீர் தொட்ட கத்தியால் டயரை இரண்டு பாதியாக அறுத்தான். அண்ணி தூணை மூடிய துணியைப் பிரித்தாள். நம் நாயகி ஏணியில் ஏறி, கொடிகளை ஒவ்வொன்றாக ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். முள் குத்தியது. குத்தினால் குத்தட்டும் என்று விட்டுவிட்டாள்.

அண்ணன் முதல் பாதியைக் கொடிக்கு அடியில் நுழைத்து, கவிழ்த்து, வளையத்தின்மேல் வைத்து அமுக்கினான்.

டப்பென்று உட்கார்ந்துகொண்டது. இந்தப் பக்கம் தூக்கவில்லை, அந்தப் பக்கம் இழுக்கவில்லை. மற்ற பாதியையும் வைத்தான். இரண்டும் முட்டிக்கொண்டு முழு வட்டமாகிவிட்டன. நடுவில் நகம் நுழைய இடமில்லை.

அண்ணன் அடுத்த தூணுக்குப் போனான். அங்கேயும் அப்படியே பொருந்தியது. மூன்றாவது தூணில் வேலையை நிறுத்திவிட்டு, ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக நேராகக் கேட்டான்.

"மாப்பிள்ளை, வளையத்துக்கு அளவு எங்கேர்ந்து எடுத்தீங்க?"

வெல்டர் கட்டரைத் துடைத்தான். துடைத்த கட்டரையே மறுபடியும் துடைத்தான்.

"சொல்லுங்க மாப்பிள்ளை. நூல் பிசகாம என் டயர் அளவுல்ல இருக்கு?"

"உங்க டயர்தான்" என்றான் வெல்டர்.

"என்னது?"

"அன்னிக்கு நீங்க கோவத்துல வேனை ஒடிச்சுத் திருப்பினீங்கல்ல, ஒரு டயர் கீழ விழுந்துடுச்சு. உருண்டு வந்து என் காலடியிலேயே படுத்துக்கிச்சு. வளையம் எவ்வளவு அகலம் வைக்கறதுன்னு எனக்கு எங்க தெரியும்? அதை வச்சுத்தான் கோடு போட்டேன்."

அண்ணனுக்கு வாய் பிளந்துவிட்டது. "அடப்பாவி! ஒண்ணு குறையுது, ஒண்ணு குறையுதுன்னு நான் எண்ணி எண்ணிப் பாத்தேனே! எடைக்காரன் மேல சந்தேகப்பட்டு அவன்கிட்ட சண்டை வேற போட்டேன்!"

"அதான் அந்தாளு அன்னியிலேர்ந்து நம்ம வீட்டுப் பக்கமே வர்றதில்லையா?" என்றாள் அண்ணி.

முதலில் சிரித்தது ஏணி மேல் இருந்த நம் நாயகிதான். சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. இரண்டு ஆண்களும் ஓடி வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். பிடித்துக்கொண்டே அவர்களும் சிரித்தார்கள். பிறகு வெல்டர் தலையைக் குனிந்துகொண்டான்.

"அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது மச்சான். நாலு பேர் முன்னாடி பேசினேன். இன்னிக்கு நாலு பேராவது இருந்தா அவங்க முன்னாடியே சொல்லலாம்."

"நாமளே நாலு பேர்தான் மாப்பிள்ளை. விடுங்க. ஏணியைப் பிடிங்க."

வெயில் உச்சிக்கு வந்தபோது மொட்டு விட்ட தூண்களில் பாதி முடிந்திருந்தது. கையில் கிடைத்ததை நின்றபடியே தின்றுவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். "ரப்பரும் கறுப்புதானே, சுடாதா?" என்று அண்ணி கேட்டாள். "சுடும். ஆனா இரும்பு மாதிரி கடிக்காது" என்றான் அண்ணன். நம் நாயகி ஏணியிலிருந்தபடியே ரப்பரின்மேல் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். சூடு இருந்தது. தாங்கிக்கொள்ள முடிகிற சூடு.

பொழுது சாயும்போது மொட்டு விட்ட கடைசித் தூணிலும் டயர் ஏறிவிட்டது. மதியத்துக்கு மேல் ஒரு மொட்டுகூட விழவில்லை. இருப்பவை நிற்குமா என்பது இன்னும் சில நாளில்தான் தெரியும்.

அப்போது போன் அடித்தது. வெல்டரின் இரண்டு கையிலும் கரி. "நீயே அமுக்கிப் பிடி" என்றான். அவள் ஸ்பீக்கரைப் போட்டு அவன் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"என்னப்பா, வர்றியா?" என்றது மேஸ்திரியின் குரல்.

"கோவிச்சுக்காதீங்க மேஸ்திரி. நான் வரல."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன்."

"சரி, உன் இஷ்டம். உனக்குத் தெரிஞ்ச ஆள் யாராவது இருந்தா நாளைக்குள்ள சொல்லு. வெல்டிங் தெரியலேன்னாலும் பரவாயில்ல, கைவேலை தெரிஞ்சா போதும்."

போன் நின்றது. அவள் அவனையே பார்த்தாள். "மொட்டு நிக்குமான்னே தெரியலையேங்க. நின்னாத்தான் நிப்பேன்னு சொன்னீங்க?"

"விழுந்தா அடுத்த மொட்டு வரும்" என்றான். "சுட்டவன் நான். ஆத்த வேண்டியவனும் நான்தானே? விட்டுட்டு எங்க போறது?"

அந்த நிமிஷத்தில் அவளைப் போல நிறைந்த மனசோடு யாரும் எந்தத் தோட்டத்திலும் நின்றிருக்க முடியாது. யாருக்கு என்று நன்றி சொல்வாள்? கூடப் பிறந்தவனுக்கு நன்றி சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லை. சொன்னால் என்ன உடம்புக்கு என்று கேட்பான். இருந்தாலும் சொல்லிவிட்டாள்.

"தேங்க்ஸ்ண்ணே."

"என்ன பாப்பா, வெயில் தலைக்கேறிடுச்சா?"

வெல்டர் மோட்டார் அறைக்குப் போய், பின்னால் ஆணியில் மாட்டியிருந்த ஒரு டயரை எடுத்து வந்தான். அதையும் யாரோ கழுவித் துடைத்துத்தான் வைத்திருந்தார்கள். தரையில் உருட்டி விட்டான். அது நேராகப் போய் மச்சான் காலில் முட்டிச் சாய்ந்தது.

"உங்களோடது. கடைக்கு எடுத்துட்டுப் போங்க மச்சான்."

அண்ணன் குனிந்து அதை எடுத்தான். கொஞ்ச நேரம் கையில் வைத்துத் திருப்பினான்.

"எந்தக் கடைக்கு?" என்றான்.

அண்ணி மடித்து வைத்த போர்வையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"ரோட்டை அகலப்படுத்தறாங்க. மாசக் கடைசியில இடிக்கறாங்க. வீட்டையும் சேர்த்துத்தான்." அண்ணன் சிரிக்கப் பார்த்தான். "மாப்பிள்ளை, மேஸ்திரி ஆள் கேட்டாரே. கைவேலை தெரிஞ்சா போதும்னாரே. பஞ்சர் ஒட்டறதும் கைவேலைதானே? என் பேரைச் சொல்றீங்களா?"

சுவரில் பார்த்த சிவப்புப் பெருக்கல் குறி இப்போதுதான் அவள் மனதில் பட்டது. சாய்ந்து கிடந்த பெயர்ப் பலகை பட்டது. எதையும் திருப்பி அடிப்பக்கம் பார்க்காமல் விடாதவள், இன்று அண்ணனை மட்டும் மேலாகப் பார்த்துவிட்டு டயரை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். தன் கடைக்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், பகல் முழுக்கத் தங்கை தோட்டத்து வெயிலில் நின்று டயர் அறுத்திருக்கிறான் அவன்.

"ஏண்ணே சொல்லல?"

"நீ மொட்டுக்காக வந்து நின்ன. அதைச் சொன்னா இதை வாங்கிட்டுப் போயிருப்பியா?"

வெல்டர் அந்த டயரை அவன் கையிலிருந்து வாங்கி, மறுபடியும் பழைய ஆணியிலேயே கொண்டுபோய் மாட்டினான். திரும்பி வந்து மச்சான் பக்கத்தில் நின்றான். தோளில் கைவைத்தான்.

அவள் நேராக வேனுக்குப் போனாள். சாவியை உருவினாள். முந்தானையில் இறுக்கி முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பாப்பா, சாவி" என்றான் அண்ணன்.

"மொட்டு நிக்குதா விழுதான்னு தெரியற வரைக்கும் இந்தத் தோட்டத்தை விட்டு யாரும் எங்கயும் போகல" என்றாள் அவள். "அண்ணி, அந்தப் போர்வையை மடிக்காதீங்க. ராத்திரிக்கு விரிக்கணும்."